சாலையோரம் என்ன மரம் வைப்பது? புளி முதல் அரளி வரை ஓர் ஒப்பீடு

ஊராட்சிக் கூட்டத்திலோ இளைஞர் மன்றத்திலோ சாலையோரம் மரம் வைப்பது என்று முடிவானதும் எழும் முதல் கேள்வி, "என்ன கன்று வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்பு டேப்பை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய் நான்கு விஷயங்களைக் குறித்து வர வேண்டும். தார் முடியும் இடத்திலிருந்து எல்லைக்கல் வரை எத்தனை மீட்டர்? தலைக்கு மேலே இபி லைன் எந்தப் பக்கம் போகிறது? இரண்டடி தோண்டினால் என்ன மண்? மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பட்டியலில் பாதி மரங்கள் தாமாகவே கழிந்துவிடும். மிச்சமிருப்பவற்றில் எது நல்லது என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறோம்.

சாலை யாருடையது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். தேசிய நெடுஞ்சாலை என்றால் பெரும்பாலும் அதன் ஆணையம். ஊருக்குள் போகும் சாலை என்றால் ஊராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியம். அனுமதிக் கடிதம் வெறும் சடங்கில்லை. அகலப்படுத்தும் திட்டம் ஏதாவது இருக்கிறதா, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்ற இரண்டு தகவலும் அந்த அலுவலகத்தில்தான் கிடைக்கும்.

எல்லைக்கல்லுக்கு இவ்வளவு அழுத்தம் தரக் காரணம் உண்டு. இருவழிச் சாலைகள் நாலுவழியானபோது வெட்டுப்பட்ட புளியமரங்கள் தாரை ஒட்டி நின்றவை. இன்றும் பல இடங்களில் தாரிலிருந்து ஒன்றரை மீட்டரில் கன்று வைக்கிறார்கள். தண்ணீர் லாரி நிறுத்தி ஊற்ற வசதி என்பதுதான் காரணம். பத்து வருடத்தில் அந்த மரம் நிழல் தர ஆரம்பிக்கும்போது சாலை அகலமாகும், மரம் போய்விடும். எல்லைக்கல்லுக்கு ஒரு மீட்டர் உள்ளே வரிசை பிடித்தால் அடுத்த அகலப்படுத்தலையும் தாண்டி நிற்க வாய்ப்புண்டு. ஆனால் அங்கே வேறொரு சிக்கல் வரும். பக்கத்து வயல்காரர், நிழல் விழுந்து பயிர் கெடும் என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவரைக் கேட்காமல் வைத்த கன்று பல நேரம் வரப்புக்கு வைத்த தீயிலேயே கருகிப்போகும். மரத்தைத் தேர்வு செய்யும்போது அவருக்கும் பயன்படுவதாகப் பார்க்க வேண்டும்.

திறந்த சாலை: புளியா, வேம்பா, புங்கனா?

ஊருக்கு வெளியே, இருபக்கமும் மண் இருக்கிற மானாவாரிப் பகுதிச் சாலைகளுக்கு உண்மையான போட்டி இந்த மூன்றுக்கும் இடையில்தான்.

புளி. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைச் சொல்லும் சாலைகள் தெற்கே இன்னும் இருக்கின்றன. சாலை போட்டு மரம் நடுவதென்றால் தமிழ்நாட்டில் மனதில் வரும் முதல் மரம் புளி. காரணம் வலுவானது. ஆழமாக இறங்கும் ஆணிவேர், எளிதில் ஒடியாத கிளை, நூறு ஆண்டைத் தாண்டும் ஆயுள், வருடம் முழுவதும் ஏறக்குறைய குறையாத நிழல், பலமான காற்றிலும் சாயாத உடம்பு. போதாததற்கு மகசூலை ஏலம் விட்டால் வருமானமும் வரும்.

குறைகளும் பெரியவை. முதல் ஐந்து வருடம் மிக மெதுவாக வளரும். காய்ப்புக்கு வர எட்டுப் பத்து வருடம் பிடிக்கும். இளங்குருத்தை ஆடு விரும்பித் தின்னும், ஆகவே கூண்டு இல்லாமல் தேறாது. தை முதல் பங்குனி வரை உலுக்கும் காலத்தில் தொரட்டியும் கோணியுமாக ஆட்கள் சாலையில் நிற்பார்கள். தாரை ஒட்டிய மரம் என்றால் அது உயிராபத்து. வேகமாக வரும் வண்டி முட்டினால் முதிர்ந்த புளியமரம் அசையாது, வண்டிதான் நசுங்கும். அதன் அடர்ந்த நிழலில் பயிர் எழும்பாது, எனவே வயல்காரர் கட்டாயம் எதிர்ப்பார். ஆக, புளிக்குச் சரியான இடம் தாரிலிருந்து குறைந்தது ஐந்தாறு மீட்டர் தள்ளி, பக்கத்தில் புறம்போக்கோ ஏரிக்கரையோ இருக்கும் நீளம். இடைவெளி 12 மீட்டர். அதற்குக் குறைந்தால் இருபதாம் வருடம் கிளைகள் ஒன்றையொன்று நெருக்கும்.

வேம்பு. செம்மண்ணிலும் சரளையிலும் வருகிற மரம். 500 மில்லிமீட்டர் மழைக்கும் தாங்கும். நல்ல மண்ணில் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் மூன்று ஆண்டில் 4 மீட்டரைத் தொட்டுவிடும். மாசி, பங்குனியில் இலை உதிர்த்துச் சித்திரைக்குள் தளிர்த்துப் பூத்துவிடுவதால் அக்கினி நட்சத்திரத்தின்போது நிழல் தயாராக இருக்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் இடம் வேம்புக்கு ஆகாது. சாலை மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் இருக்கிற இடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாதம் தண்ணீர் நின்றாலே இளங்கன்று வேரழுகிச் செத்துப்போகும். கரிசல் பள்ளங்களில் வேம்பு வரிசை வரிசையாகப் பட்டுப்போவது இதனால்தான்.

சில ஆண்டுகளாக வேம்பின் நுனிக்கொப்புகள் கருகிப் பழுப்பாகத் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி சாறுறிஞ்சிய இடத்தில் பூஞ்சையும் சேர்ந்து வரும் நுனிக்கருகல் அது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அதிகமாகத் தெரியும். வளர்ந்த மரம் பெரும்பாலும் அடுத்த பங்குனியில் தளிர்த்துத் தேறிவிடும், பயந்து வெட்ட வேண்டாம். ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு வேம்பு மட்டுமே வைப்பது இப்போதைக்குப் புத்திசாலித்தனமில்லை.

புங்கன். மூன்றில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்றால் நம் ஓட்டு புங்கனுக்கு. வறட்சியையும் தாங்கும், ஒரு மாதம் தேங்கும் தண்ணீரையும் தாங்கும், கொஞ்சம் உவர்மண்ணிலும் பிழைக்கும். சாலையோரப் பள்ளம் என்பது இந்த மூன்றும் மாறிமாறி வரும் இடம். இலை கசப்பதால் ஆடு மாடு அதிகம் வாய் வைக்காது. இந்த ஒரு குணமே கூண்டுச் செலவில் பெரும் பகுதியை மிச்சப்படுத்தும். நெல் விவசாயிக்குப் புங்கந்தழை தழையுரம், ஆகவே எல்லைக்கல்லை ஒட்டி வைத்தாலும் வயல்காரரின் முணுமுணுப்பு குறைவு. அவரே கழித்துக்கொண்டு போவார், அதையும் முறைப்படுத்திவிட்டால் மரத்துக்கும் நல்லது. இலையுதிர்வு சில வாரங்கள்தான்; கோடை உச்சத்தில் பளபளக்கும் புதுஇலையோடு நிற்கும்.

புங்கனின் குறை அதன் வடிவம். தாழ்வாகவே கிளைத்துக் குடையாக விரியும், கொப்புகள் கீழ்நோக்கித் தொங்கும். முதல் நான்கு வருடம் வருடத்துக்கு ஒருமுறை பக்கக் கிளைகளைக் கழித்து, நேரான ஒரே தண்டை மூன்று மீட்டர் வரை ஏற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட இடத்தில் ஆறாம் வருடம் பேருந்துக் கண்ணாடியில் கொப்பு உரசுகிறது என்று யாராவது தறித்துவிடுவார்கள், மரம் மொட்டையாக நிற்கும். இலையில் கொப்புளம் கொப்புளமாகத் தெரிவது சிலந்திப்பேனால் வருவது. பார்க்க அசிங்கம், மரத்துக்குப் பெரிய கேடில்லை, மருந்து வேண்டாம்.

இந்த மூன்றுக்கும் வெளியே இடம் பார்த்துச் சேர்க்க வேண்டியவை சில. வாய்க்கால், ஏரிக்கரை, ஈரம் காயாத வண்டல் என்றால் நீர்மருதும் நாவலும் மற்ற எதையும் விட நன்றாக வரும். ஈரமில்லாத மேட்டில் மருதை வைத்தால் முதல் கோடையே முடித்துவிடும். நாவலுக்கு ஒரு நிபந்தனை: ஆனி, ஆடியில் பழம் உதிர்ந்து தாரில் நசுங்கினால் இருசக்கர வண்டி வழுக்கும், ஆகவே தாரிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி மட்டும். இலுப்பை மெதுவாக வரும், ஆனால் தலைமுறைகளுக்கு நிற்கும். கோயில் இருக்கிற ஊர்ச் சாலையில் பத்து மரமாவது சேருங்கள். ஆல், அரசு, இச்சி மூன்றும் பேருந்து நிறுத்தம், சந்தைத் திடல் போல 15 மீட்டர் ஆரத்துக்கு இடமிருக்கும் புள்ளிகளுக்கு மட்டுமே. வரிசையாக வைக்கிற மரங்கள் இல்லை அவை.

எல்லைக்கும் தாருக்கும் இடையே மூன்று மீட்டர்தான், தண்ணீர் ஊற்றவும் ஆளில்லை என்றால் பனங்கொட்டை இருக்கிறது. ஆவணி முதல் ஐப்பசிக்குள் எல்லையோரமாக மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் புதைத்தால் போதும். கூண்டு வேண்டாம், லாரி வேண்டாம். புயலுக்கும் அசையாது. நிழல் எதிர்பார்க்கக் கூடாது, காய்க்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். மட்டையும் காயும் விழும் என்பதால் தாரை ஒட்டியும் மின்கம்பிக்குக் கீழும் கூடாது.

சீக்கிரம் வளரும் பூமரங்களும் கோனோகார்பஸும்

மூன்று வருடத்தில் நிழலும் பூவும் வேண்டும் என்ற ஆசையில்தான் குல்மொஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி மூன்றும் நம் சாலைகளை நிறைத்தன. அழகில் குறை சொல்ல முடியாது. சித்திரையில் பூத்து நிற்கும் குல்மொஹரை விரும்பாதவர் யார்? ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாலைகளை அடைத்துக்கொண்டு கிடந்த மரங்களில் இவை கண்ணில் பட்ட விதம் மறக்கக் கூடியதில்லை. குல்மொஹருக்கு மரத்தண்டு மென்மை, வேர் மேலோட்டம், வயதாகும்போது அடித்தண்டில் பூஞ்சை புகுந்து உள்ளே கூடாக்கிவிடும். தூங்குமூஞ்சி பத்துப் பதினைந்து மீட்டர் பக்கவாட்டில் கையை நீட்டும்; மழை நனைந்த அந்தக் கிளையின் பாரம் காற்றே இல்லாத நாளில்கூட முறிந்து விழப் போதுமானது.

ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று வேம்பும் புங்கனும் விழுந்தன. அவற்றில் பலவற்றின் அடியைப் பார்த்தால் ஒருபக்கம் மழைநீர் வடிகாலுக்காக வேர் வெட்டப்பட்டிருக்கும், மறுபக்கம் தண்டு வரை சிமென்ட் பூசியிருக்கும். நாட்டு மரம் என்பதால் மட்டும் நிற்காது. வேருக்கு இடம் இருந்தால்தான் நிற்கும். வேருக்கு இடம் இருந்தும் ஒடிவது குல்மொஹர். வேறுபாடு அங்கேதான். ஆசைக்கு வைப்பதென்றால் பூங்காவில், பள்ளி மைதான மூலையில் வையுங்கள். சாலைக்குப் பூ வேண்டுமானால் சரக்கொன்றையும் மந்தாரையும் பூவரசும் போதும்.

கோனோகார்பஸ் எனும் வெளிநாட்டு மரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வருடம் முழுவதும் பச்சை, ஆடு தின்னாது, வேகமாக வளரும் என்று நர்சரிகள் விற்றன. வேர் குழாய்களுக்குள்ளும் வடிகாலுக்குள்ளும் புகும், மகரந்தம் ஒவ்வாமை தரும் என்ற புகார்கள் சேர்ந்து குஜராத் 2023-ல் தடை செய்தது. தமிழ்நாடும் 2025-ல் தடை செய்துவிட்டது. மலைப்பகுதிச் சாலையில் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் எனும் மஞ்சள் கொன்றையை வைக்காதீர்கள். முதுமலைக் காட்டில் அதை வேரோடு அகற்ற வனத்துறை பட்ட பாடு போதும். நெட்டிலிங்கம் நிழலும் தராது, காற்றையும் தாங்காது.

ஊருக்குள்: கம்பிக்குக் கீழே, சிமென்டுக்கு நடுவே

நகரத் தெருவில் மரத்தைத் தேர்வு செய்வது கம்பியும் குழியின் அளவும்தான். மேலே மின்கம்பி போனால் முழு வளர்ச்சியில் ஐந்தாறு மீட்டரைத் தாண்டாத மரமே வேண்டும்: மந்தாரை, பவளமல்லி, கழித்து வளர்த்த பூவரசு. கம்பிக்கு நேர்கீழே வேம்பை வைத்தால், பத்தாம் வருடம் முதல் மின்வாரிய ஆட்கள் வருடம்தோறும் ஒரு பக்கத்தை மட்டும் கழிப்பார்கள். எடை முழுவதும் மறுபக்கம் போய், அடுத்த புயலில் அந்தப் பக்கமே சாயும். தெருவில் ஒரு பக்கம்தான் கம்பி என்றால் பெரிய மரம் எதிர்ப்பக்கத்துக்கு.

கம்பி இல்லாத தெருவுக்கு மகிழமும் புங்கனும் நல்ல தேர்வு. மகிழம் மெதுவாக வளரும், ஆனால் அடர்ந்த நிழல், அடக்கமான குடை, சொல்லும்படியான இலையுதிர்வு கிடையாது. வாசல் பெருக்குகிறவர்கள் திட்டாத மரம். நாட்டு வாதுமையின் அகல இலை வடிகால் கம்பியை அடைக்கும், மழைக்காலத்தில் தெருவே குளமாகும். ஏழிலைப்பாலை பூக்கும் மாதத்தில் அதன் வாசம் பலருக்குத் தலைவலி.

நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் சதுரத்துக்கு மண் திறந்திருக்க வேண்டும். ஏற்கெனவே நிற்கும் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு சிமென்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லிக்கு உத்தரவிட்டது. நம் நகராட்சிகளும் பேவர் பிளாக் பதிக்கும் ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்த்துவிட்டால் தனிச் செலவு இல்லை. வடிகால் வெட்டும்போது தண்டிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஜேசிபி வராமல் கையால் தோண்டச் சொல்ல வேண்டும். தடித்த வேர் ஒருபக்கம் முழுக்க அறுந்தால் அந்த மரம் நிற்பதை நம்ப முடியாது.

கடற்கரைச் சாலைக்குப் புன்னையும் பூவரசும். உப்புக்காற்றில் இவற்றின் இலை கருகாது. மற்ற மரங்களை அங்கே வைத்துப் பரிசோதிக்கத் தேவையில்லை.

சென்டர் மீடியனில் அரளி, காகிதப்பூ, ஆவாரை

மீடியனில், அதாவது சாலையை இரண்டாகப் பிரிக்கும் நடுத்திட்டில், செடி வைப்பதன் முதல் நோக்கம் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசாமல் மறைப்பது. அதற்கு ஒன்றரை மீட்டர் உயரம் போதும். மரம் இங்கே கூடாது. மணிக்கட்டை விடப் பருத்த தண்டு, தடம் மாறி ஏறும் வண்டிக்கு முட்டுக்கல் ஆகிவிடும்.

அரளி நாடு முழுவதும் மீடியனை ஆள்வது சும்மா இல்லை. மாடு தின்னாது, வெயிலும் டீசல் புகையும் அதை ஒன்றும் செய்யாது, மாதம் இரண்டு தண்ணீரிலும் உயிர்பிடிக்கும், வெட்ட வெட்ட அடர்ந்து வரும். பென்சில் தடிமனுள்ள முற்றிய குச்சியை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டிப் பையில் ஊன்றினால் ஆறு வாரத்தில் வேர்விடும். ஆக, நாற்றுச் செலவும் குறைவு. இடைவெளி 1 முதல் 1.5 மீட்டர். வருடம் இருமுறை ஒன்றரை மீட்டருக்கு மட்டம் தட்ட வேண்டும். இதன் ஆபத்து விஷம். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். கழித்த கொப்பை அங்கேயே போட்டுக் கொளுத்தக் கூடாது, புகையும் கெடுதல். ஆட்டுத் தீவனத்தோடு கலந்துவிடும்படி ஓரத்தில் குவிக்கவும் கூடாது. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளிப்பூவுக்கு நல்ல சந்தை உண்டு; அதுபோன்ற பகுதிகளில் விடிகாலையில் பூப்பறிக்க மீடியனுக்கு ஓடி வருவார்கள். ஊர் நெருங்கும் இடங்களில் அரளியைத் தவிர்க்க இது ஒன்றே போதுமான காரணம்.

காகிதப்பூவுக்கு அரளியைவிடவும் தண்ணீர் குறைவு, நிறம் அதிகம். ஆனால் அடங்காது. இரண்டு மாதம் கவனிக்காவிட்டால் நீண்ட முள்கொடி வலப்பக்கத் தடத்துக்குள் வந்து இருசக்கர வண்டி ஓட்டுபவரின் முகத்தைக் கீறும். வெட்டிய முள்ளை அன்றே அள்ள வேண்டும், இல்லாவிட்டால் டயர் பஞ்சராகும். கழித்துவிட நிரந்தர ஆள் இருக்கும் சுங்கச்சாவடி நீளத்துக்குச் சரி. நாலு மீட்டருக்கும் அகலமான மீடியனில் நடுவே வைத்தால் தொல்லை குறையும். குறுகலானதில் வேண்டாம்.

ஆவாரை ஏனோ எவர் பட்டியலிலும் வருவதில்லை. நம் மண்ணிலேயே பிறந்த செடி, ஒன்றரை இரண்டு மீட்டருக்கு மேல் போகாது, கால்நடை தொடாது, வேர்பிடித்த பிறகு மழைத்தண்ணீரே போதும், மஞ்சளாகப் பூத்துக்கொண்டே இருக்கும். விதை மேலோடு கடினம் என்பதால் சுடுநீரில் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து ஐப்பசி மழையில் விதைத்தால் போதும், மீட்டருக்கு ஒரு குழியில் நாலைந்து விதை. குறை என்னவென்றால் அரளிபோல் சீராக அடராது, அங்கங்கே ஓட்டை விழும். ஒளியை மறைப்பது முக்கியமான வளைவுகளில் அரளி, மற்ற நீளங்களில் ஆவாரை என்று கலப்பது நல்ல ஏற்பாடு. மண் சரியும் சாலைச் சரிவுகளுக்கு ஆவாரையோடு நொச்சியும் ஆடாதொடையும் சேரலாம், இரண்டும் குச்சியிலேயே வரும், ஆடும் கடிக்காது. சரிவின் விளிம்பில் வெட்டிவேர் வரிசை வைத்தால் மண் பிடிமானம் இன்னும் கூடும்.

எந்தச் செடியானாலும் மீடியன் திறக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் நீளமாக, முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. யூ-டர்ன் எடுப்பவருக்கு எதிரே வருவது தெரிய வேண்டும். வளைவின் உட்பக்கத்துக்கும் இதே விதி. இன்னொன்று, மீடியனுக்குள் இருப்பது பெரும்பாலும் மண்ணே இல்லை, சாலை போட்ட மிச்ச ஜல்லியும் தார்க்கட்டியும்தான். ஒன்றரை அடி ஆழத்துக்கு அள்ளி எறிந்து செம்மண் நிரப்பாமல் வைத்தால் அரளிகூடத் தேறாது.

சின்னக் கன்றா, பெரிய கன்றா, போத்தா?

ஓரடிக் கன்று மலிவு, வேர் ஆரோக்கியம், ஆனால் சாலையோரத்தில் ஆட்டுக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் தப்பாது. பத்தடிக் கன்று பார்க்கக் கம்பீரம். ஆனால் அது பையிலேயே இரண்டு மூன்று வருடம் இருந்திருக்கும், வேர் பையின் அடியில் சுருண்டு கயிறு திரித்ததுபோல் கிடக்கும். அப்படியே நட்டால் அந்தச் சுருள் அவிழாது. தண்டு பருக்கும்போது சுருண்ட வேரே கழுத்தை இறுக்கும், பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு காற்றுக்கு அடியோடு சாயும். விழுந்த மரத்தின் அடியில் பழைய பையின் வடிவிலேயே வேர்க்கட்டி இருப்பதைப் பார்க்கலாம். நடுத்தரமாக ஆறு முதல் எட்டடி, பெருவிரல் தடிமன், பெரிய பை. ஆடு பின்னங்காலில் எழும்பினாலும் நுனிக்குருத்து எட்டாத உயரம் அது. வாங்கும்போது ஒரு பையைக் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல நர்சரிக்காரர் மறுக்க மாட்டார். சுருள் இருந்தால் கூரிய கத்தியால் அடிச்சுருளை வெட்டிவிட்டு நட வேண்டும்.

போத்து, அதாவது வெட்டிய தடித்த கிளைத்துண்டை நடுவது பூவரசுக்கும் ஆல் அரசு இனத்துக்கும் நன்றாகக் கைகூடும். கைத்தடிமன், எட்டடி நீளம், இரண்டடி மண்ணுக்குள், நுனியில் சாணி அப்பினால் ஒரே மழையில் தளிர்க்கும். ஆனால் ஆணிவேர் இல்லை. கடற்காற்று அடிக்கும் சாலைக்குப் போத்தில் வந்த மரத்தை நம்ப வேண்டாம், அங்கே விதைக்கன்றுதான்.

அகலப்படுத்தும்போது பெரிய மரத்தைப் பெயர்த்து நடுவது பற்றிக் கேட்பார்கள். ஆல், அரசு, அத்தி இனங்கள் பெரும்பாலும் பிழைக்கும். முதிர்ந்த புளி, வேம்பு, இலுப்பை பிழைப்பது அரிது, செலவோ அதிகம். அந்தப் பணத்தில் நூறு கன்றுக்கு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிவிடலாம்.

குழி, கூண்டு, தண்ணீர்

சாலையோர பெர்ம், அதாவது தாரை ஒட்டிய மண் ஓரம், ரோலர் ஓட்டி இறுக்கிய மண். அதில் துளைபோடும் ஆகர் கருவியால் ஓரடிக் குழி போட்டு வைத்த கன்று பூந்தொட்டியில் வைத்த கன்றுதான். பெரிய மரத்துக்கு ஒரு மீட்டர் நீள, அகல, ஆழம்; முடியாவிட்டால் 60 சென்டிமீட்டர், அதற்குக் கீழே வேண்டாம். கீழே சுக்கான் பாறை வந்தால் கடப்பாரையால் உடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேர் பக்கவாட்டில்தான் ஓடும். வைகாசி, ஆனியில் தோண்டி வெயிலில் ஆறவிட்டு, முதல் மழைக்குப் பிறகு புரட்டாசிக் கடைசியில் நடுவது நல்லது. திறந்த குழியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடும் சிவப்புத் துணியும் கட்டுங்கள். இரவில் நடப்பவர் விழுவார். மேல்மண்ணோடு செம்மண், மக்கிய தொழுவுரம் 10 முதல் 15 கிலோ, வேப்பம்புண்ணாக்கு அரைக்கிலோ கலந்து நிரப்பலாம். மக்காத சாணம் கரையானை அழைக்கும். பையிலிருந்த மண்மட்டமும் தரைமட்டமும் ஒன்றாக இருக்கட்டும், தண்டை மூடி மண் ஏற்றினால் கழுத்தழுகல் வரும்.

கூண்டுகளில் சீமைக்கருவேல முள் அடைப்பு மலிவு, ஒரு வருடம் வரும், காற்றில் முள் சாலைக்கு வரும். மூங்கில் கூண்டு இரண்டு வருடம் தாங்கும், திருட்டுப் போகாது, மக்கிப்போகும்போது மரம் பிழைத்திருக்கும். பெரும்பாலான சாலைக்கு இதுவே சரி. இரும்புக் கூண்டு நகரத்துக்கு மட்டும். அதையும் நான்காம் வருடம் கழற்றும் பொறுப்பை யாருக்காவது எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பி தண்டுக்குள் புதைந்து பட்டை உப்பி நிற்கும் மரங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. நிழல்வலைச் சுற்றை ஆடு ஒரே வாரத்தில் கிழிக்கும்.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கன்றின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். பத்து மீட்டருக்கு ஒன்றாக இருபக்கமும் வைத்தால் கிலோமீட்டருக்கு 200 கன்று. ஒன்றுக்கு 20 லிட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 4,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு டேங்கர். வாரம் இரண்டு சுற்று, மாசி நடு முதல் ஆனி நடு வரை 18 வாரம்: 36 நடை, 1,44,000 லிட்டர். இது முதல் கோடைக்கு மட்டும். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை 40 லிட்டர், மூன்றாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 60 லிட்டர் என்று இடைவெளியை நீட்டி அளவைக் கூட்டினால் வேர் கீழ்நோக்கி இறங்கும். தினம் ஒரு குடம் ஊற்றிப் பழக்கினால் வேர் மேலேயே நிற்கும், ஊற்றுவது நின்ற வருடம் மரம் காயும். 36 நடைக்குப் பணமில்லை என்றால் கன்றைப் பாதியாகக் குறைத்து நூறு வையுங்கள். அப்போது எந்தப் பக்கம் என்ற கேள்வி வரும்: தெற்கு வடக்காகப் போகும் சாலைக்கு மேற்குப் பக்கம், பிற்பகல் நிழல் தாரில் விழும். கிழக்கு மேற்குச் சாலைக்குத் தெற்குப் பக்கம்.

டேங்கர் குழாயை நேராகக் கன்றடியில் பீச்சுவதால் மண் அரித்து வேர் வெளியே தெரிவது பரவலான பிழை. பாத்தியில் தண்ணீர் விழும் இடத்தில் இரண்டு தேங்காய் மட்டையைக் கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது. மேடான, இறுகிய இடத்தில் குழி நிரப்பும்போதே நான்கங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை இரண்டடி ஆழத்துக்கு நிறுத்தி ஜல்லி போட்டுவிடலாம். அதில் ஊற்றும் தண்ணீர் நேராக வேருக்குப் போகும், ஆவியாவதும் குறையும்.

மேற்கே ஒரு பக்கம் மட்டும் வைக்கும் சாதாரண மானாவாரிச் சாலையின் ஒரு கிலோமீட்டருக்கு இந்தக் கணக்கில் நம் பங்கீடு: புங்கன் 45, வேம்பு 25, இடம் அகன்ற நீளத்தில் புளி 10, பள்ளத்தில் நாவலோ மருதோ 10, இலுப்பை 5, ஊர் முகப்பில் சரக்கொன்றை 5. ஒரே மரத்தைத் தொடர்ச்சியாக இருபதுக்கு மேல் வைக்காமல் பிரித்துக்கொண்டால் பூச்சி பரவுவது குறையும். இதோடு கூடுதலாகப் பதினைந்து கன்றை ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னாலேயே பையில் வளர்த்து வையுங்கள். முதல் வருடம் பட்டுப்போன இடத்தை அடுத்த புரட்டாசியில் அதே வயதுக் கன்றால் நிரப்பினால்தான் வரிசை சேரும். ஓரடிக் கன்றால் நிரப்பினால் பக்கத்து மரங்களின் நிழலில் அது எழும்பவே எழும்பாது.